வேண்டிக்கொண்ட நோய்

அந்தக் குளிர்காலத்தில் நான் ஒரு நோயை வேண்டிக்கொண்டேன்.
தேவாலயத்தில் இல்லை, சமையலறையில்,
காபி வடியும் சத்தத்துக்கு நடுவில்:
பார்க்கின்சனாகவே இருக்கட்டும்.

ராக்ன்வால்ட் அதற்குள் நான்கு முறை விழுந்திருந்தான்.
நான்கு முறையும் மல்லாக்க,
கை ஊன்றாமல்,
அறுத்த மரம் சாய்கிற மாதிரி.

முப்பத்தொரு வருடம் மரம் அளந்தவன்.
ஆலை முற்றத்தில் லாரி நின்றதும்
கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான்
இது பைன், இது ஸ்ப்ரூஸ்,
இதற்குள் அழுகல்.
பட்டை உரித்தபின் எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

மருத்துவர் மாலின் ஓகர்ப்ளூம்
மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்:
முதல் இரண்டு மூன்று வருடம்
மூன்று நோய்களும் ஒரே சட்டையில்தான் வரும்.
விறைப்பு, இழுத்த நடை, இமைக்க மறந்த முகம்.
ஒன்று இருபது வருடம்கூட விட்டுவைக்கும்.
மற்ற இரண்டுக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

நரம்பிழை முறிகிற இடத்தில்
அதன் சட்டகத்துப் புரதம் துணுக்காக உதிர்ந்து
ரத்தத்தில் கலக்குமாம்.
ஆற்றில் மிதந்து வரும் மரத்தூளைக் கண்டு
மேலே எங்கோ ரம்பம் ஓடுகிறதென்று அறிவதுபோல.
பார்க்கின்சனில் தூள் கொஞ்சம்.
மற்றவற்றில் ஆறே மங்கிப்போகும்.

லிக்ஸெலெயில் ரத்தம் எடுத்தார்கள்.
சுழற்றி, பிரித்து, உறையவைத்த மூன்று குழாய்கள்
பேருந்தின் வயிற்றில் ஏறின,
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும்
யாரோ ஒரு குழந்தையின் தள்ளுவண்டிக்கும் இடையில்.
ஓட்டுநர் கையெழுத்துப் போட்டுக்கொண்டு
உமெயோ வரை நூற்று முப்பது கிலோமீட்டர்
வானிலைச் செய்தி கேட்டபடி ஓட்டியிருப்பார்.

காத்திருந்த வாரங்களில் நான் சகுனம் பார்த்தேன்.
ஒரு கை மட்டும் நடுங்கினால் நல்லது.
நடுங்கவில்லை.
மோப்பம் போயிருந்தால் நல்லது.
ஒரு காலை, அடுத்த அறையிலிருந்து குரல்:
"குன்வோர், காபி தீய்கிறது."
நாற்பது வருடத் திருமணத்தில்
அவன் மூக்கின் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது.

நாற்பத்தொன்று.
மில்லிலிட்டருக்கு நாற்பத்தொரு பிக்கோகிராம்.
பிக்கோ என்றால் என்னவென்று அவன்தான் கேட்டான்,
அந்தப் புதிய, தேய்ந்த குரலில்.
ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால்
அதில் ஒரு பங்கு.
முகம் அசையவில்லை, ஆனால் சிரித்தான், எனக்குத் தெரியும்.
"சென்டிமீட்டருக்குக் கீழே
நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை."

மருத்துவர் எண்ணை அப்படி வீசிவிடவில்லை.
வயது கொஞ்சம் ஏற்றும், சிறுநீரகம் ஏற்றும்,
அதையெல்லாம் கழித்தாலும்
பார்க்கின்சன் இல்லை என்ற பக்கம் சாய்கிறது என்றார்.
சாய்கிறது.
வேறு சொல் கிடைக்கவில்லையா அவருக்கு.
மிச்ச இரண்டில் எது?
அதை இந்த எண் சொல்லாது என்றார்,
கடன் கேட்டவரிடம் இல்லையென்று சொல்கிற முகத்தோடு.

சொன்னது கண்கள்.
ஏப்ரலில், பனி ஓரங்களில் கருக்கும்போது,
படிக்கட்டின் தலைப்பில் நின்றுவிட்டான்.
கீழே பார்க்க முடியவில்லை.
பார்வை எதிர்ச்சுவரில் ஆணியடித்ததுபோல் நின்றது.
பின்னால் நின்று தாங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.
பின்னால் நின்றால் அவனுக்கு நான் இல்லை.

வியாழக்கிழமை பட்டாணி சூப்.
கிண்ணம் எங்கேயென்று கை மேசையைத் தடவியது.
அலமாரியிலிருந்து அவன் அளவுப் பதிவேடுகளை எடுத்து வந்தேன்,
எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றாறு வரை,
கெட்டி அட்டை, பொடி எழுத்து,
ஒரு எண்கூட அடித்துத் திருத்தாதவை.
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
ஐந்தாவதில் கிண்ணத்தின் விளிம்பு தெரிந்தது அவனுக்கு.
ஆறாவதில் சூப்.

"ஸ்ப்ரூஸ்," என்றான்,
என்னையோ, மேசையையோ,
எதைப் பார்த்துச் சொன்னானோ.
மேசை பைன் என்றுதான்
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.